பக்கத்துக் கோன்

பரவைப் பக்கத்து நூல் மில்லில் என் அக்காவைப் பெரிய யோசனைக்காரி என்று நம்பினார்கள். காரணம், அவள் எப்போதும் இடது கையால் மோவாயைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். கட்டை விரல் ஒரு கன்னத்தில், மற்ற நான்கு விரல்களும் மறு கன்னத்தில், உள்ளங்கைக்குள் தாடை. மேனேஜர் ஏதாவது கேட்டால் அப்படியே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் பதில் சொல்வாள். "அந்தப் பிள்ள யோசிக்காம வாயத் திறக்காதுய்யா" என்று அவரே பெருமையாகச் சொல்வாராம்.

"அப்படி என்னதான்க்கா யோசிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யோசிக்கலடா. மறைக்கிறேன்" என்றாள்.

அவள் என் பெரியம்மா மகள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஆனையூரில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பெரியப்பா இல்லாத வீடு என்பதால், ஆண் துணை வேண்டிய இடங்களுக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புவார்கள். அந்தப் பதவிக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. என் தகுதி: பி.ஏ.வில் நான்கு பேப்பர் பாக்கி, தள்ளினால் ஓடும் ஒரு மொபெட், இவை போக வெள்ளைத் தோல். எங்கள் வம்சத்திலேயே நான் மட்டும்தான் அந்த நிறம். "மூளைக்குப் போக வேண்டிய சத்தும் சேந்து தோலுக்கே போயிருச்சு" என்பாள் பெரியம்மா.

அக்கா நல்ல கருப்பு. மோவாயிலும் கன்னங்களின் ஓரத்திலும் மேலுதட்டிலும் அவளுக்கு முடி இருந்தது. பூனை முடி இல்லை. ஆண்களுக்கு வருவது போலத் தடித்து, சுருண்டு வரும் முடி. பதினெட்டு வயதில் எட்டிப் பார்த்தது, இருபத்தைந்தில் குடியேறிவிட்டது. கல்லூரிக் காலத்தில் எனக்கு மீசை வருவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. "எனக்கு வர வேண்டியது முகவரி மாறி உனக்கு வந்திருச்சு போலக்கா" என்று ஒருநாள் சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்தாள் என்பதை வைத்து அது நல்ல ஜோக் என்று பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறைக்கிறேன் என்று அவள் சொன்னது உண்மை. ஆனால் மேனேஜர் சொன்னதும் உண்மைதான். அவளைப்போல எதையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவளுக்கு மந்திரம் மாதிரி ஒரு வார்த்தை உண்டு: "இரு, பாப்பம்." தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் கடைக்காரர் அவளுக்கு மட்டும் ஸ்டூல் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். பரவைச் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்து ஒரு வியாபாரி, "தாயி, நீ வாங்க வந்தது தக்காளிதானா? மாப்பிள்ள பாக்குற மாதிரில்ல பாக்குற" என்றார். "மாப்பிள்ளைய இம்புட்டு நேரம் பாக்க விட மாட்டாங்கண்ணே" என்றாள் அக்கா, தக்காளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மில்லில் அவளுக்கு அதுதான் வேலை. நூலின் தரம் பார்ப்பது. ஒரு கருப்புப் பலகையில் நூலை நெருக்கமாக, சமமான இடைவெளியில் சுற்றுவார்கள். அதை வடக்கு ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நூலில் உள்ள முடிச்சு, மேடு, பிசிறு எல்லாம் கருப்பில் வெள்ளையாகத் தெரியும். பிசிறு அதிகம் என்றால் அந்த லாட்டை, ஒரே ஓட்டத்தில் வந்த மொத்த நூலையும், அவள் வெளியே விட மாட்டாள். லாரி வாசலில் நிற்கும், மேனேஜர் நெற்றியைத் துடைப்பார். "இருங்க சார், பாப்பம்" என்று அடுத்த பலகையைச் சுற்றுவாள். ஊரான் நூலில் இருக்கும் பிசிறைப் பிடிக்கிறவள், ஒரு கையால் தன் தாடையைப் பொத்திக்கொண்டு மறு கையால் பலகையைத் தூக்கிப் பிடித்திருப்பாள். அந்தக் காட்சியில் இருந்த கொடுமை அப்போது எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த அறையில் மின்விசிறி நன்றாக ஓடும் என்பதுதான்.

அந்த மில்லில் நானும் மூன்று மாதம் வேலை பார்த்தேன். அவள் சிபாரிசு. கோடவுனுக்குப் போய் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஐந்து கோன் எடுத்து வந்து அவள் மேசையில் வைக்க வேண்டும். கோன் என்றால் நூல் சுற்றிய கூம்பு. தூக்கினால் இரண்டு கிலோகூட இருக்காது. ஒருநாள் அவள் கேட்ட லாட் கோடவுனின் கடைசி மூலையில் இருந்தது. வாசல் பக்கத்திலேயே இன்னொரு லாட் அழகாக அடுக்கியிருந்தது. எல்லாம் அதே பஞ்சு, அதே மில், அதே வெள்ளை. பக்கத்தில் இருந்ததிலேயே ஐந்தை எடுத்து, சீட்டை மட்டும் மாற்றி ஒட்டிக்கொண்டு போனேன். பலகையில் சுற்றி ஒரு நிமிடம் பார்த்தாள். என்னையும் ஒரு நிமிடம் பார்த்தாள்.

"இது அந்த லாட் இல்ல."

"எல்லாம் நூல்தானேக்கா."

"பக்கத்துக் கோன்ல நூலெடுத்து இந்தக் கோனுக்குச் சீட்டு எழுதுனா, தறியில போயி அறுந்துரும்டா. அறுந்தத முடிஞ்சுக்கிட்டு நிக்கப் போறது நீயா? எவனோ ஒரு நெசவாளி."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கடைசி மூலைக்கு நான் ஐந்து முறை நடந்தேன். மூன்றாவது மாத முடிவில் மில் என்னை அனுப்பிவிட்டது. வேறு காரணம், அதைச் சொன்னால் இந்தக் கதை என்னைப் பற்றியதாகிவிடும். ஏற்கனவே ஆகிக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்கு முப்பது நெருங்கிய சமயத்தில் பெரியம்மா வைத்தியத்தில் இறங்கினாள். குப்பைமேனி அரைத்துப் பூசினாள். கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், பச்சைப்பயறு. முகம் மினுங்கியது, முடியும் மினுங்கியது. ஒரு லேடி டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு, சினைப்பையில் நீர்க்கட்டி, சுரப்பியில் கோளாறு, மாத்திரையில் புதிய முடி வருவது குறையும், வந்தது போகாது, அதற்குத் தோல் டாக்டரிடம் போங்கள் என்றார்.

சிக்கல் அங்கேதான். கல்யாணம் ஆகாத பெண் தோல் டாக்டரிடம் போவதை யாராவது பார்த்துவிட்டால்?

"மீசைன்னு சொல்ல முடியுமா? சொல்லாட்டி வெண்குஷ்டம்பாளுக. அதுக்கு மீசையே தேவலன்னு ஆயிரும்" என்றாள் பெரியம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அப்போதே புரிந்துகொண்டு ஓடியிருக்க வேண்டும். "டேய், உனக்குத் தேமல்னு சொல்லிருவோம். துணைக்கு அக்கா வாரா. ஆம்பளப் பயலுக்குத் தேமல் வந்தா யாரு கேக்கப் போறா?"

எனக்கு அது பிரமாதமான வேடிக்கையாகப் பட்டது. என் பெயரும் வசதியான பெயர், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. ரயில் நிலையத்துக்கு எதிரே போகும் தெரு ஒன்றில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்த கிளினிக்கில் என் பெயரிலேயே கார்டு போட்டோம். உள்ளே போவது அவள், வெளியே பெயர் கூப்பிட்டால் தலையாட்டுவது நான். ஆனையூரில் செய்தி ஒரே வாரத்தில் பரவியது. சலூன்காரர் எனக்குத் தனித் துண்டு வைத்தார். எதிர் வீட்டு அத்தை வேப்பெண்ணெய் கொடுத்தனுப்பினாள். கோயில் பூசாரி தூரத்திலிருந்தே திருநீறு போட்டார், அவர் குறி அன்று தப்பவில்லை, நேராக என் கண்ணில் விழுந்தது. எல்லாவற்றையும் அக்காவிடம் வந்து நடித்துக் காட்டுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை தாடையில்.

அங்கே இருந்த வைத்தியம் ஊசி. மயிரிழை போல மெல்லிய ஊசியை ஒவ்வொரு முடியின் குழிக்குள்ளும் இறக்கி, வேர்வரை போனதும் ஒரு நொடி மின்சாரம் கொடுப்பார்கள். வேர் வெந்துவிடும். பிறகு இடுக்கியால் பிடித்தால் முடி வழுக்கிக்கொண்டு வரும். ஒரு தடவைக்கு ஐம்பது, அறுபது முடி. அதற்குமேல் தோல் தாங்காது. செய்தவர் ஐம்பது வயதுள்ள ஒரு சிஸ்டர். பூதக் கண்ணாடி பதித்த விளக்குக்கு அடியில் குனிந்தபடியே இருந்து கூனே விழுந்திருந்தது.

"எம்புட்டு நாளாகும் சிஸ்டர்?" என்று அக்கா கேட்டாளாம்.

"ரெண்டு வருஷம். கூடவும் ஆகலாம். ஒவ்வொண்ணாத்தான் சாகும்மா. மொத்தமாக் கொட்டுறது ஒங்க தம்பிக்குத் தலையில கொட்டுதே, அந்த முடி மட்டும்தேன்."

ரெண்டு வருஷம் என்றதும் வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. நேரமாகும் என்று நேராகச் சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்கும். ஒரு கஷ்டம் மட்டும் இருந்தது. இடுக்கி பிடிக்க வேண்டுமானால் முடி கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் முன்னால் நான்கு நாள், வழக்கமாக வீட்டில் செய்வதுபோல நூல் போட்டு முடியைப் பிடுங்காமல் விட வேண்டும். அந்த நான்கு நாளும் பல்வலி என்று துப்பட்டாவைத் தாடையில் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போவாள். அந்த மில் கணக்குப்படி அக்காவுக்கு முப்பத்திரண்டு பல்லுக்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

ஒரு வருடத்துக்குப் பிறகு இடது கன்னத்து ஓரம் சுத்தமானது. ஊசி போட்ட இடத்தில் முடி திரும்பவில்லை. அப்போதுதான் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான ஆள். அக்காவைப் பார்த்துவிட்டு, "எனக்குச் சம்மதம். அவங்க நிதானமா யோசிச்சுச் சொல்லட்டும்" என்று சொல்லியனுப்பினார். யோசிக்க நேரம் கொடுத்த முதல் ஆண். அக்கா நான்கு நாள் எடுத்துக்கொண்டு சரி என்றாள். நிச்சயம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம். கையில் மூன்று மாதம்.

அதே மாதம் கிளினிக்கில் புது மெஷின் வந்தது. மாடிப்படி நெடுகிலும் 'லேசர்' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். சிஸ்டரின் ஊசி அறையைப் பாதியாகத் தடுத்து மெஷினுக்குக் கொடுத்தார்கள். சிஸ்டரை வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா துள்ளினாள். "மூணு தடவ லைட் அடிச்சா போயிருமாம்டி!"

"இரு, பாப்பம்" என்றாள் அக்கா.

சிஸ்டர் வரும் நாளாகப் பார்த்துப் போய்க் கேட்டாள். சிஸ்டர் குரலைத் தாழ்த்தி, "போர்டுல போட்டுருக்குறது லேசர், உள்ள இருக்குறது லேசர் இல்லம்மா. இதுக்குப் பேரு ஐ.பி.எல். லேசர்னா ஒரே விதமான ஒளி. இது கேமரா ஃபிளாஷ் மாதிரி, பல ஒளி கலந்தது. ரெண்டுமே கருப்பத் தேடித்தேன் போகும். முடியும் கருப்பு, ஒந்தோலும் கருப்பு. எதச் சுடணும்னு அதுக்குத் தெரியாது. மெட்ராஸ்ல நம்ம நிறத்துக்குன்னே ஒரு லேசர் இருக்காம், ஆறேழு தடவ போகணும்" என்றார்.

அன்று மாலை மில் நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தேன். ஊசி: மெதுவு, வலி, ஆனால் போனது போனதுதான், எந்த நிறத்துக்கும் ஆகும். லேசர்: மெட்ராஸ், ஆறேழு தடவை, லீவு கிடைக்காது, வீட்டில் என்ன சொல்வது. ஐ.பி.எல்.: கிட்டே, வேகம், என் நிறத்துக்கு? அந்தக் கேள்விக்குறியைப் பேனாவால் மூன்று தடவை அழுத்தினாள்.

"இதுக்குப் பதில் தெரியணும். காதுக்குக் கீழ கொஞ்சூண்டு இடத்துல டெஸ்ட் பண்ணுவாங்களாம். பண்ணிட்டு ரெண்டு வாரம் பாக்கணும். ஒண்ணும் ஆகலைன்னா யோசிப்பம். ஏதாச்சும் ஆனா இடது பக்கம் முடிஞ்ச மாதிரி மெதுவா ஊசியே போட்டுக்கிறேன். அவர்கிட்டயும் சொல்லிக்கலாம்."

"எவர்கிட்ட?"

"வாத்தியார்கிட்டதேன்." சொல்லிவிட்டு நோட்டை மூடினாள். தாடையைப் பிடித்திருந்த கைக்கு மேலே அவள் முகம் சிவந்ததை அன்றுதான் பார்த்தேன். கருப்பு முகமும் சிவக்கும்.

டெஸ்ட்டுக்குக் குறித்த நாள் புதன்கிழமை. அன்று காலை மில்லில் ஏற்றுமதி லாட் ஒன்று வந்து மாட்டிக்கொண்டாள். போனில் என்னைக் கூப்பிட்டு, "நீ போயித் தேதி மட்டும் மாத்திட்டு வா" என்றாள். கிளம்பும்போது பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மாத்துறேன் கீத்துறேன்னு இழுக்காத. நாளு ஓடுது. சட்டுன்னு முடியுறதப் பாரு" என்றாள்.

கிளினிக்கில் அன்று மெஷினோடு வந்த கம்பெனிப் பையன் ஒருவன்தான் இருந்தான். வரிசையில் ஏழெட்டுப் பேர். கார்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டான். எழுந்து போய்த் தேதி மாற்ற வேண்டும் என்றேன். "இனி டெஸ்ட் பண்ண ரெண்டு வாரம் கழிச்சுத்தேன் தேதி இருக்கு. நீங்கதானே பேஷண்ட்?" என்றான்.

இரண்டு வாரம், அதன்மேல் பார்க்க இரண்டு வாரம். கல்யாணமே வந்துவிடும் என்று பெரியம்மா குரல் காதில் கேட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். என்னை அசைத்தது பெரியம்மா குரல் இல்லை. ஒரு வருடமாக என் பெயரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன், இன்று உடம்பையும் கொடுத்தால் எம்புட்டு வேடிக்கை என்று தோன்றியது. அக்காவிடம் எப்படி நடித்துக் காட்டுவது என்றுகூட மனசுக்குள் ஓடிவிட்டது.

"நாந்தேன்" என்றேன்.

படுக்க வைத்துக் கண்ணுக்கு மூடி போட்டான். காதுக்குக் கீழே சில்லென்று ஏதோ தடவினான். டப். டப். டப். ரப்பர் பேண்டால் அடித்த மாதிரி இருந்தது. கருகின வாசனை. பத்து நிமிடம் பார்த்தான், தோல் லேசாகச் சிவந்து அடங்கியது. எவ்வளவு வேகத்தில் அடிக்கலாம் என்று கார்டில் ஒரு எண்ணை எழுதி, 'டெஸ்ட் ஓகே' என்று போட்டு, சனிக்கிழமைக்கு வரச் சொன்னான்.

அக்காவிடம், "சனிக்கிழமைக்கு மாத்தியாச்சு" என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். நல்ல ஜோக்கை அவசரப்பட்டுச் செலவழிக்கக் கூடாது பாருங்கள். அவள் டெஸ்ட் முடித்து மெஷினைப் பற்றிப் பயந்து பயந்து சொல்வாள், நான் மொபெட்டை ஓட்டிக்கொண்டே, "இது என்ன பிரமாதம், நான் புதன்கிழமையே வாங்கிட்டேன்" என்பேன். அவள் என் முதுகில் அறைவாள். அதுவரை யோசித்திருந்தேன். அதற்குமேல் யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

சனிக்கிழமை காலை அவள் சுவரோரம் வந்து, "உன் ரேசரக் குடுடா" என்றாள். லைட் அடிக்கும் இடத்தில் முடியைப் பிடுங்கக் கூடாது, மழித்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டெஸ்ட்டுக்குக் காதோரம் மட்டும் போதும்தான். ஆனால் பாதி மழித்த முகத்தோடு ரோட்டில் எப்படிப் போவது? எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நின்றாள். ரேசரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு யாரும் சொல்லித் தராததை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "முடி போற பக்கமாவே இழுக்கா. எதுத்து இழுத்தா வெட்டிரும்." நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. நுரையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். "அப்பா மாதிரியே இருக்கேன்ல?" என்றாள். அன்று அங்கே நின்று சொல்லியிருந்தால்கூடப் போதும். வாய்வரை வந்தது. திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கினேன்.

கம்பெனிப் பையன் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தான். டாக்டர் கான்பரன்ஸில். அது சிஸ்டர் வரும் நாளும் இல்லை. மெஷினில் புதிதாகப் பழகிய ஒரு பெண் இருந்தாள். கார்டில் பெயர், எண், 'டெஸ்ட் ஓகே'. எதிரே சுத்தமாக மழித்த முகத்தோடு ஒருத்தி. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சீட்டில் எழுதியிருப்பதைத்தானே அவள் நம்ப முடியும்?

தடுப்புக்கு வெளியே பழைய வார இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டப். டப். டப். மூன்று. எனக்கும் மூன்றுதான். புன்னகையோடு இதழை மூடினேன்.

டப்.

நான்காவது எதற்கு என்று நினைத்தேன். டப். டப். எழுந்து போய்த் தட்ட வேண்டும். தட்டினால் ஏன் என்று கேட்பார்கள். புதன்கிழமை படுத்தது நான் என்று இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதுவும் பெண்கள் படுத்திருக்கும் அறை. அவர்களுக்குத் தெரியாதா என்ன. டப். உள்ளே அக்கா குரல் கேட்டது. "இம்புட்டு வேணுமாம்மா?" அந்தப் பெண், "அசையாதீங்க மேடம், கண்ணுல பட்ரும்" என்றாள். அக்கா அசையவில்லை. அவள்தான் சொன்னதைக் கேட்கிறவளாயிற்றே. இருபத்தேழு வரை எண்ணினேன். உட்கார்ந்த இடத்திலேயே எண்ணினேன்.

"டெஸ்ட்டுன்னாலே இம்புட்டுச் சுடுமாடா?" மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து கேட்டாள். அவள் மூச்சு என் முதுகில் அனலாக அடித்தது. "ஆமாக்கா" என்றேன்.

மறுநாள் காலை இரண்டு கன்னங்களிலும், மோவாயிலும், மேலுதட்டிலும் மெஷினில் வெளிச்சம் வரும் கண்ணாடியின் அளவுக்கே நீள்சதுரங்கள் எழும்பியிருந்தன. செங்கல் வைத்துச் சுவர் கட்டியது போல ஒன்றை ஒட்டி ஒன்று. ஊசியால் ஒரு வருடம் பாடுபட்டுச் சுத்தமாக்கிய இடது கன்னமும் சேர்ந்து வெந்திருந்தது. பெரியம்மா கத்திக்கொண்டே கற்றாழை வெட்ட ஓடினாள். அக்கா கத்தவில்லை. "கார்டக் குடு" என்றாள்.

வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் படித்தாள்.

"டெஸ்ட் ஓகே. புதன்கிழமை." கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "புதன்கிழமை நான் மில்லுல இருந்தேன்."

நான் நடித்துக் காட்டலாம் என்று வைத்திருந்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னேன். சொல்லும்போது என் முகம் சிரித்தது. எனக்குப் பயம் வந்தாலும் முகம் சிரிக்கும், பிறவிக் கோளாறு. அவள் எழுந்து வந்து என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். என் காதுக்குக் கீழே இருந்த வெள்ளைத் தோலைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை.

"பக்கத்துக் கோன்ல எடுத்துட்டியேடா" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

பொருக்கு உதிர்ந்து கட்டங்கள் வெள்ளையாகத் தங்கின. மூன்றாவது வாரம், துணி எடுக்கும் நாளைக் குறிக்க அலங்காநல்லூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் இரண்டு பெண்களும் வந்தார்கள். எங்கள் தெரு வழியாகத்தான் வர வேண்டும். தெருவில் வாய்கள் இருந்தன.

அந்த அம்மா வெற்றிலைத் தட்டைத் தொடாமல் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் மதினி, தம்பிக்கு இருந்தது இப்பப் பிள்ளைக்கும் வந்திருச்சாக்கும்? குடும்பத்துல ஓடுதோ?"

"ஐயையோ, அவனுக்கு ஒண்ணுமே இல்ல மதினி!" என்றாள் பெரியம்மா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடத்தின் நடுவில் சட்டையைக் கழற்றிவிட்டு, முன்னும் பின்னும் திரும்பிக் காட்டினேன். "பாருங்கத்தே, சுத்தமா இருக்கேன்." யாரும் சிரிக்கவில்லை.

"மருந்துல உள்ள அமுங்கியிருக்கும்" என்றார் அந்த அம்மா.

அக்கா எழுந்தாள். அவள் இடது கை வழக்கம்போலத் தாடைக்குப் போயிற்று. பிறகு கீழே இறங்கியது. அந்தக் கை அப்படி இறங்கி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"நோய் இல்லத்தே. எனக்கு மீசையும் தாடியும் வளரும். அத எடுக்கப் போயி முகம் வெந்துபோச்சு. கார்டு எனக்காகத்தேன் இவன் பேர்ல போட்டது. அவருக்கு இதச் சொல்லுங்க. யோசிச்சுச் சொல்லட்டும்."

பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். வாசலில் அந்த அம்மா, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். அக்கா சொன்னது வாத்தியாருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. ஆவணி வரை அவள் காத்திருந்தாள். கார்த்திகை வரைகூட. நிச்சயப் புடவை மட்டும் ஒருநாள் யாரோ ஒருவர் கையில் திரும்பி வந்தது.

அடுத்த தை மாதம் அவள் மறுபடி ஊசிக்குப் போக ஆரம்பித்தாள். மொபெட்டை எடுத்து வாசலில் நிறுத்தினேன். "நான் பஸ்ல போயிக்கிறேன்" என்றாள். சிஸ்டர் அந்தக் கிளினிக்கை விட்டுவிட்டுத் தன் வீட்டு முன்னறையிலேயே விளக்கு போட்டிருந்தார். அங்கே புதுக் கார்டு, அவள் சொந்தப் பெயரில். வெந்த இடங்களில் ஊசி இறங்குவது சிரமம் என்று சிஸ்டர் சொன்னாராம். ரெண்டு வருஷம் என்றிருந்தது ஐந்தாயிற்று. இத்தனை எழுதியும் அவள் பெயரை நான் எழுதவில்லை. என் பெயரில் ஒளித்து வைத்து ஒருமுறை அவளைச் சுட்டாயிற்று. அவள் பெயர் அவளிடமே இருக்கட்டும்.

பிறகு என்னோடு பேசாமல் இருந்தாள் என்று நினைக்க வேண்டாம். பேசினாள், பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினாள், என் கல்யாணத்துக்கு முன்வரிசையில் வந்து நின்றாள். என் ஜோக்குக்கு மட்டும் சிரிக்கவில்லை. வேண்டுமென்று சிரிக்காமல் இருக்கவில்லை. கேட்டுவிட்டு, அடுத்து என்ன என்பதுபோலப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் பாதி ஜோக்குகளைச் சொல்வதையே விட்டுவிட்டேன்.

சில வருடங்களுக்குப் பிறகு என் மகளின் காதுகுத்துக்கு வந்திருந்தாள். முகத்தில் ஒரு முடி இல்லை. வெள்ளைக் கட்டங்கள் அப்படியே இருந்தன. கை தாடைக்குப் போகும் வழக்கமும் போய்விட்டது. மில்லில் அந்த அறைக்கு அவள்தான் இப்போது பொறுப்பு என்றார்கள். எனக்குத் தலை முழுக்கக் காலியாகி, காதுக்குள் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு வாரம் மழிக்காத தாடியோடு சாப்பாட்டுப் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், "இங்க வா" என்றாள்.

குனிந்தேன். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். காதுக்குக் கீழே, தாடிக்கு நடுவில், அந்தப் புதன்கிழமை வெளிச்சம் பட்ட மூன்று சின்னக் கட்டங்களில் மட்டும் முடி சரியாக வளர்வதில்லை. தினமும் மழிக்கும்போது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கவில்லை. கட்டை விரலால் அந்த இடத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பலகையைப் பார்க்கிற அதே கண்.

"நல்லா வந்திருக்கு. பிசிறே இல்ல" என்றாள்.

கையை எடுத்துவிட்டு, "போ, பந்தியில மோர் கேக்குறாங்க" என்றாள்.